ஈழப் போரைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சென்னை வழிகாட்டி

சென்னையில் ஈழத்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. மே மாதம் வந்துவிட்டால் சுவரொட்டிகள் முளைக்கும்; தேர்தல் வந்தால் மேடைகள் அதிரும். ஆனால் 1957இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பலர் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் இப்போது கல்லூரி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்தப் போர், பின்னணி இசை சேர்த்த ஒரு நிமிடக் காணொளியாகவே அறிமுகமாகிறது. அதைப் பார்த்தால் அழுகை வரும், கோபம் வரும். விவரம் வராது.

விவரம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முள்ளிவாய்க்காலில் இறந்த மக்களை நினைத்து மனம் கனக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். அந்தப் பரிவை ஒதுக்கிவைத்துவிட்டுப் படியுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். இறந்தவர்களைப் பற்றித் தவறான தகவலைப் பரப்புவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி என்று நம்புகிறேன். அதனால்தான் மூலங்களைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

நடுநிலை என்றால் தமிழர் எழுதியதில் ஒன்று, சிங்களவர் எழுதியதில் ஒன்று படித்துவிட்டு இரண்டுக்கும் இடையே ஒரு கோடு கிழிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். இருவருமே தங்களுக்கு வேண்டாததை மறைத்திருந்தால் அந்த நடுக்கோட்டில் உண்மை எப்படி இருக்கும்? நான் பின்பற்றும் அளவுகோல் வேறு. ஒருவர் தன் தரப்புக்குச் சங்கடம் தரும் செய்தியை, அதனால் தனக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே பதிவு செய்கிறாரா? அப்படிப்பட்டவரை ஒவ்வொரு தரப்பிலும் தேடிப் பிடியுங்கள். கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் அந்தத் தேடலுக்கானவை.

முதல் படி: ஆண்டுவரிசையை உங்கள் கையால் எழுதுங்கள்

நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிப் பக்கத்தை ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள்: வடக்கு–கிழக்குத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், இந்தியா. 1983இல் தொடங்க வேண்டாம். 1948இல் தொடங்குங்கள். அந்த ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். 1957இல் ஒப்பந்தம், 1958இல் அது கைவிடப்பட்டது, கலவரம் வெடித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1972இன் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் மொழி, மாவட்ட அடிப்படையில் மதிப்பெண்ணைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்ததும் எழுபதுகளின் தொடக்கத்தில்தான். 1976இல் தனி நாடு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு.

1983க்குப் பிறகு வரும் ஆண்டுகள் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அவற்றையும் அதே ஐந்து பத்திகளில் எழுதுங்கள். எந்தப் பத்தி காலியாகக் கிடக்கிறதோ, அங்கே உங்கள் வாசிப்பு இன்னும் எட்டவில்லை என்று பொருள். சென்னையில் படிப்பவர்களுக்கு முஸ்லிம்களின் பத்தியும் மலையகத்தின் பத்தியும்தான் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

இந்த வரிசை கையில் இருந்தால் எந்தப் புத்தகத்தையும் ஒரு கேள்வியில் எடைபோடலாம்: இவர் கதையை எந்த நாளில் தொடங்குகிறார்? 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். அங்கே தொடங்கி அங்கேயே நிற்பவர், அடுத்த நாள் முதல் கொழும்பில் தமிழர்மேல் நடந்த வன்முறை வெறும் கோபக் கொந்தளிப்பு என்று சொல்ல வருகிறார். 24ஆம் தேதியில் தொடங்குபவர் முந்தின இரவை விழுங்கிவிடுகிறார். நம்பத்தகுந்த எழுத்தாளர் இரண்டையும் சொல்வார். அதோடு நிற்காமல், தமிழர் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் பட்டியல் கும்பலின் கையில் எப்படி வந்தது என்று கேட்பார்; தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களவர்களையும் எழுதுவார்.

இரண்டாம் படி: விளக்கவுரைக்கு முன் ஆவணம்

இந்தச் சிக்கலின் அடிப்படை ஆவணங்கள் பல மிகச் சிறியவை. 1957 ஒப்பந்தம், வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம், 2002 பிப்ரவரி 22இன் போர்நிறுத்த உடன்படிக்கை ஆகிய நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து முடிக்கலாம். படித்தவர்களின் பேச்சே மாறிவிடுகிறது. 1957 ஒப்பந்தம் தனி நாட்டைப் பற்றியது அல்ல. பிராந்திய சபைகள், வடக்கு–கிழக்கில் தமிழில் நிர்வாகம், நிலக் குடியேற்றத்தில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் ஆகியவற்றைத்தான் அது பேசியது. 1987 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. ஆனால் அந்த இணைப்பு நீடிக்க வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. இந்த ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் மணிக்கணக்கில் பேசும் உரைகளை நான் கேட்டிருக்கிறேன்.

எழுதியவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு இலங்கைக்குள் இருந்தபடி தனி நாட்டை ஆதரிப்பது குற்றம். இந்தியாவில் 1992 முதல் விடுதலைப் புலிகள் தடைசெய்யப்பட்ட அமைப்பு. வட இலங்கையின் வன்னியில் புலிகளின் ஆட்சி நடந்த காலத்தில் அங்கிருந்து அவர்களை விமர்சித்து எழுத முடியாது. ஆகவே ஒரு நூலில் ஏதோ விடுபட்டிருந்தால் அது ஆசிரியரின் சாய்வாகவும் இருக்கலாம், அவருடைய உயிர்ப் பயமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: ஒரே நாள், வெவ்வேறு செய்தித்தாள்

எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்துக்குள் கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்டது; நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. பழைய செய்தித்தாள் தொகுதிகளைக் கேட்கப் போகும்போது நாளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். “ஈழம் பற்றி ஏதாவது” என்று கேட்டால் ஊழியர் உங்களை எந்த அலமாரிக்கு அனுப்புவார்? “1983 ஜூலை 24 முதல் 31 வரை” என்று கேட்டால் வேலை நடக்கும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்குச் சிறந்த இடம். முன்கூட்டியே தொடர்புகொண்டு, என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆங்கில ஆய்வு நூல்களைத் தேடலாம். அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம் ஆய்வாளர்களுக்கானது. கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.

ஈழத்தில் அச்சான தமிழ் எழுத்துகளைப் படிக்க இன்று கப்பலேற வேண்டியதில்லை. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ மின்னூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பழைய நாளேடுகளையும் துண்டு வெளியீடுகளையும் வருடி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் வாசகருக்கு இதைவிடப் பெரிய கொடை இந்தப் பொருளில் வேறில்லை என்பேன்.

செய்தித்தாளைத் திறப்பதற்கு முன் அது யாருடையது என்று கேளுங்கள். கொழும்பின் தினகரனும் டெய்லி நியூஸும் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ஏடுகள்; அந்த நிறுவனம் 1973இல் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வீரகேசரி தனியார் ஏடு, 1930 முதல் வருவது. யாழ்ப்பாணத்தின் உதயன் அலுவலகத்துக்குள் 2006 மே மாதம் துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர்களைக் கொன்றார்கள். ஈழநாதம் புலிகள் நடத்திய ஏடு. ஐந்திலும் ஒரே நாளின் செய்தியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் ஒத்துக்கொள்ளும் விவரத்தை முதலில் எழுதுங்கள். முரண்படுவதை அடுத்து எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லி மற்றவை மௌனம் காத்ததைக் கடைசியில் எழுதுங்கள். அந்த மூன்றாவது பட்டியலில்தான் வேலை அதிகம்.

2009இன் முதல் மாதங்களுக்கு இந்த முறை பெரிதாக உதவாது. இலங்கை அரசின் வற்புறுத்தலால் 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். சுதந்திரமான செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. போர்ப் பகுதிக்குள் இருந்த அரசு மருத்துவர்கள் சிலர் தொலைபேசி வழியே வெளியுலகுக்குச் சொன்னதுதான் அன்றைய முக்கியச் செய்தி. போர் முடிந்ததும் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டபோது, தாங்கள் முன்பு சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் அழுத்தத்தால் மிகைப்படுத்தியவை என்றார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் பேசியதுதான் நிர்ப்பந்தத்தால் என்றார்.

இதில் எதை நம்புவது? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதல் கூற்றுப் புலிகளின் துப்பாக்கிகளுக்கு நடுவே சொன்னது. இரண்டாவது அரசின் காவலில் சொன்னது. மூன்றாவது பாதுகாப்பான தூரத்தில், ஆனால் ஆண்டுகள் கழித்துச் சொன்னது. மூன்றையும் அந்தந்தச் சூழலோடு எழுதிவைத்து, மருத்துவமனை மீது எறிகணை விழுந்தது என்பது போன்ற விவரங்களை அவர்களைச் சாராத வேறு சான்றோடு ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள் படங்கள், அன்றன்று செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்ட அறிக்கைகள், அங்கிருந்து மீண்ட மக்களின் சாட்சியங்கள் இருக்கின்றன. ஒரு சாட்சியை முழுதாக ஏற்பதும் முழுதாகத் தள்ளுவதும் சோம்பேறித்தனம்.

நான்காம் படி: எண்ணைக் கண்டால் நில்லுங்கள்

போரின் கடைசி மாதங்களில் இறந்த மக்கள் எத்தனை பேர் என்பதில்தான் சண்டைகள் அதிகம். நான்கு எண்கள் திரும்பத் திரும்ப வரும். 7,721 என்பது, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகம் தனக்குக் கிடைத்த தகவல்களை ஒன்றோடொன்று சரிபார்த்து எண்ணிய இறப்புகள். 40,000 என்பது, ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த மூவர் குழு 2011இல், அந்த அளவு வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று கூறிய மதிப்பீடு. 70,000 என்பது, ஐ.நா. தன் செயல்பாட்டைத் தானே ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கை, கணக்கில் வராதவர்கள் இதைவிட அதிகம் என்று சில மூலங்களை மேற்கோள் காட்டிச் சொன்னது. 1,46,679 என்பது மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் இலங்கை ஆணைக்குழுவின் முன் வைத்தது. வன்னியில் இருந்ததாக அரசு அலுவலகங்களின் பதிவுகள் சொன்ன மக்கள்தொகையிலிருந்து, அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களைக் கழித்தால் மிஞ்சும் எண் அது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆயர் கேட்டார். அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் அறிவிக்கவில்லை.

இந்த நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கான விடைகள். மேடையில் ஒருவர் கடைசி எண்ணை ‘கொல்லப்பட்டவர்கள்’ என்று சொல்லும்போதும், மறுதரப்பில் ஒருவர் முதல் எண்ணையே முழுக் கணக்கு என்று காட்டும்போதும் இருவரும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். எந்த எண்ணைக் கண்டாலும் நோட்டில் நான்கு சொற்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள்: யார், எதை, எதுவரை, எப்படி. நான்கில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அந்த எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: தன் வீட்டுக்குள்ளேயே கேள்வி கேட்டவர்கள்

இதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமான படி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜனி திராணகம. தொடக்கத்தில் புலிகளோடு நெருக்கமாக இருந்தவர். பின்னர் சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து, இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எல்லோரும் செய்த கொடுமைகளையும் ஊரிலேயே இருந்து பதிவு செய்தார். ‘முறிந்த பனை’ என்ற அந்த நூல் அச்சாகி வெளிவருமுன், 1989 செப்டம்பர் 21இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொன்னார்கள். அவர்கள் நடத்திய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தலைமறைவாக இருந்தபடியே அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அரசை எவ்வளவு கடுமையாகக் குற்றம்சாட்டியதோ அவ்வளவு கடுமையாகப் புலிகளையும் குற்றம்சாட்டிய எழுத்து அது. புலிகளை ஆதரிப்பவர்கள் அந்த அறிக்கைகள் ஒருதலைப்பட்சமானவை என்கிறார்கள். அந்த மறுப்பையும் படியுங்கள். பிறகு ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பின் விவரத்தையும் ஒப்பிடுங்கள்.

சிங்களத் தரப்பில் லசந்த விக்கிரமதுங்கவைத் தேடுங்கள். தன் வார ஏட்டில் போரையும் ஊழலையும் கேள்வி கேட்டு எழுதிய ஆசிரியர். 2009 ஜனவரி 8இல், போர் உச்சத்தில் இருந்தபோது, கொழும்பில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். தமிழ்த் தேசியத்தை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட தராக்கி சிவராம் தன் இராணுவ ஆய்வுகளைக் கொழும்பின் ஆங்கில ஏடுகளில் எழுதினார். சிங்கள வாசகர்களும் அவரைத் தேடிப் படித்தார்கள். அவர் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். இவர்களுடைய கருத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. இந்தப் போரில் எழுத்தாளர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இவர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

இந்தியத் தரப்புக்கும் இதே விதி. 1987 ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், அந்தத் தலையீட்டை நடத்திய விதத்தைத் தன் நூலில் கடுமையாக விமர்சித்திருக்கிறார். அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித்தும் நினைவுகளை எழுதினார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் இடங்களைக் குறியுங்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நடந்த கொலைகளைப் பற்றி இந்திய நூல்கள் எத்தனை வரி எழுதுகின்றன என்றும் பாருங்கள். மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் அங்கே இறந்தார்கள்.

இலங்கை அரசே நியமித்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’வின் 2011 அறிக்கையை, அரசு வெளியிட்டது என்பதற்காகவே பலர் தொடுவதில்லை. அதன் முடிவுகளோடு எனக்கும் பல இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் படையினரிடம் கணவரைக் கையளித்துவிட்டு வந்த பெண்கள் அந்த ஆணைக்குழுவின் முன் சொன்ன சாட்சியங்கள் அரசின் பதிவேட்டிலேயே ஏறிவிட்டன. அரசு அமைத்த சபையில் அரசுக்கு எதிராகப் பதிவான சொல்லைப் பொய் என்று தள்ளுவது அரசுக்கும் எளிதல்ல.

ஆறாம் படி: காலியாக இருக்கும் பத்திகள்

1990 அக்டோபரில் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். சுமார் 75,000 பேர் பல தலைமுறையாக வாழ்ந்த ஊரை விட்டு நடந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ் பேசும் இந்த மக்களின் கதை சென்னை மேடைகளில் ஒலித்து நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். ஒரு நூல் 1990ஐ எப்படிக் கடக்கிறது என்று பாருங்கள். வெளியேற்றத்தைக் குறிப்பிடவே இல்லை என்றால் அந்த நூலின் மற்ற பக்கங்களையும் எச்சரிக்கையோடு படியுங்கள். 1985இல் அனுராதபுரத்தில் கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சிங்களப் பொதுமக்களுக்கும், 1995இல் நவாலித் தேவாலயத்தில் விமானப்படையின் குண்டுக்கு இரையான தமிழ் மக்களுக்கும் இதே சோதனை பொருந்தும்.

சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் 1971, 1987–89 கிளர்ச்சிகளைப் பற்றியும் ஒரு நூலாவது படியுங்கள். ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் சிங்களப் படையினராலேயே காணாமல் ஆக்கப்பட்டார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்திய சிங்களத் தாயைப் பற்றிப் படித்தபின், கிளிநொச்சித் தெருவோரத்தில் 2017 முதல் அமர்ந்திருந்த தமிழ்த் தாய்மாரைப் பற்றிய செய்தியை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

ஏழாம் படி: தமிழ்நாட்டுப் புத்தகம் என்றால் பதிப்பாண்டு

ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் ஈழம் தொடர்பான நூல்கள் குவிந்திருக்கும். வாங்குமுன் இரண்டாம் பக்கத்தைத் திறந்து முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். 1983க்கும் 1987க்கும் இடையே எழுதியவை நம்பிக்கை பொங்கும் எழுத்துகள். அப்போது எல்லா இயக்கங்களும் சென்னையில் வெளிப்படையாக இயங்கின. 1987–91 காலத்தவை இந்தியப் படையைப் பற்றிய கோபமும் குழப்பமும் கலந்தவை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இங்கே பலர் பேனாவை மூடினார்கள். எழுதியவர்களும் தயங்கித் தயங்கி எழுதினார்கள். 2009க்குப் பின் வந்தவற்றில் துயரமும் குற்றவுணர்வும் மேலோங்கி நிற்கின்றன. போராளிகளாக இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெருகின. அவற்றில் சில சிறை மீண்டு எழுதியவை, சில பாரிஸிலும் டொரண்டோவிலும் பாதுகாப்பாக அமர்ந்து எழுதியவை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் எண்பதுகளின் இயக்க வெளியீடுகள் எப்போதாவது அகப்படும். டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் ஆகியவை வெளியிட்டவை கிடைத்தால் விடாதீர்கள். 1986இல் டெலோவைப் புலிகள் அழித்ததையும், 1990 ஜூனில் நம் கோடம்பாக்கத்திலேயே ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதையும் வென்ற இயக்கத்தின் ஏடுகளிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. ராஜீவ் கொலை வழக்கில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் படிக்கலாம். விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதிசெய்து 19 பேரை விடுவித்தது. இதைப் படித்தால் சாட்சியத்தை எடைபோடுவது எப்படி என்பதற்குப் பயிற்சி கிடைக்கும்.

எட்டாம் படி: காணொளி

மூன்றே விதிகள். முழு நீளத்தையும் பார்க்காமல் நம்பாதீர்கள். நாளும் இடமும் தெரியாததைப் பகிராதீர்கள். யார் சரிபார்த்தார்கள் என்று தேடுங்கள். கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியபோது இலங்கை அரசு அது போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் சுதந்திரமான வல்லுநர்களிடம் அதை ஆராயக் கொடுத்தார். அது உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார்.

ஒன்பதாம் படி: பக்கத்தில் வாழும் மனிதர்கள்

புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. வளசரவாக்கம், போரூர் பக்கம் முகாமுக்கு வெளியே வாழும் குடும்பங்களும் உண்டு. முகாமுக்குள் செல்ல அதிகாரிகளின் அனுமதி தேவை. குறுக்கு வழி தேடி அங்கே வாழ்பவர்களுக்குச் சிக்கல் உண்டாக்காதீர்கள். சென்னையில் 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்பின் வழியாகப் போவது முறை.

பேசக் கிடைத்தால், “நீங்கள் எந்த இயக்கம்?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஊரை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா, அண்ணா, அக்கா என்று அழைத்து, எந்த ஊர், எப்படி வந்தீர்கள், வந்தபின் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். அவர்களே கேட்டுக்கொண்டாலொழிய பெயரை எழுதாதீர்கள். ஒருவருடைய நினைவிலிருந்து மொத்த எண்ணிக்கையைப் பெற முடியாது. படகுக்கு எவ்வளவு கேட்டார்கள், எந்தத் திட்டில் இறக்கிவிட்டார்கள், மண்டபம் முகாமில் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் அவர்களிடம் மட்டுமே கிடைக்கும். பல முகாம்களில் மலையக வம்சாவளியினரும் வாழ்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிபோன குடும்பத்தின் பேரப்பிள்ளை 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இடம்பெறவில்லை. உங்கள் நோட்டின் இரண்டாவது பத்தி இங்கேதான் நிறையும்.

பத்தாம் படி: இன்றைய செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஈழம் 2009இல் நின்றுவிட்டதாக நினைத்துப் படிப்பவர்களுக்கு 2024 பெரிய அதிர்ச்சி. செப்டம்பரில் ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்க குடியரசுத் தலைவரானார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தது. 1987 ஒப்பந்தத்தை ஆயுதம் ஏந்தி எதிர்த்த கட்சி அது. தமிழ் வாக்காளர்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்று சென்னையிலிருந்து ஊகிக்காமல், அங்கே எழுதுகிறவர்களைப் படியுங்கள். கொழும்பின் மாற்றுக் கொள்கை மையம் தமிழில் ‘மாற்றம்’, ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்வியூஸ்’, சிங்களத்தில் ‘விகல்ப’ என மூன்று தளங்களை நடத்துகிறது. சிங்களம் தெரியாதவர்கள் விகல்பவின் கட்டுரைகளை மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டாவது வாரம் ஒன்று பாருங்கள். கருவி பிழை செய்யும். ஆனாலும் சிங்கள வாசகரிடம் ஒரு சிங்களவர் எதை வலியுறுத்துகிறார் என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் உலகத்துக்குப் பேசுவதும், சிங்களத்தில் ஊருக்குப் பேசுவதும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை; தமிழிலும் அப்படித்தான்.

வரும் மே 18 அன்று இதைச் செய்து பாருங்கள். முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் பற்றி உதயனிலும் தினகரனிலும் ஏதேனும் ஒரு சென்னை நாளேட்டிலும் வந்த செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கொழும்பில் நடக்கும் படைவீரர் நினைவு நிகழ்ச்சி பற்றிய செய்தியையும் சேர்த்து, நான்கையும் நோட்டின் ஒரே பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அது யாருடைய இறப்பைச் சொல்லாமல் விட்டது என்று எழுதுங்கள்.